இருப்புப்பாதைக் கிராமமும் ஊரார் வளர்த்த கலையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையில் பேசுமாறு காரியதரிசியவர்கள் பணித்தபொழுது, சிலப்பதிகாரத்தைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ யான் பேசுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியனிடம் வேறென்ன எதிர்பார்த்தல் இயலும்? ஆயினும் இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் புகைவண்டி. நகைத்தல் வேண்டா. நம் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் இருப்புப்பாதையில் உழைத்துண்டவர். என் தந்தையாரும் அவ்வாறே உழைத்தவர். ஆதலின் இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று. இதன்கண் என் பிழையொன்றும் கலந்திருக்கின்றது. அதனை முடிவிற் கூறுவேன்.

இங்கிலாந்து தேசத்தில் வில்ட்ஷயர் என்னும் நாட்டுப்புறத்தில் சுவிண்டன் என்றோர் ஊர் உளது. குன்றின்மேல் சந்தை கூடும் சிற்றூராக அது நெடுங்காலம் இருந்தது. 1841-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரையும் பிரிஸ்டல் துறைமுகத்தையும் இணைக்கும் கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. அதனை வகுத்தவர் புருனெல் என்னும் பெரும் பொறியாளர். அவர்க்கு எந்திரங்களின் பொறுப்பாளராக அமைந்தவர் டேனியல் கூச் என்பவர். 1837-ஆம் ஆண்டில் அப்பதவியை ஏற்றபொழுது கூச் இருபத்தோராண்டும் நிரம்பாத இளைஞர். எந்திரங்களைப் பழுது பார்க்கும் தொழிற்சாலையை எங்கு அமைப்பது என்ற கேள்வி எழுந்தபொழுது, சுவிண்டனைத் தேர்க என்று அவர் 1840-இல் எழுதினார்.

அவர் அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. இலண்டனிலிருந்து அதுவரை பாதை பெரும்பாலும் சமமாகச் செல்லும். அதற்கு மேற்கே ஏற்றமும் இறக்கமும் மிகும். ஆதலின் எந்திரத்தை மாற்றிப் பூட்டுதற்கு அதுவே தக்க இடம். செல்ட்டனம் நகர்க்குப் பிரியும் கிளைப்பாதையும் அங்கே தொடங்கியது. அருகே கால்வாய் ஒன்று ஓடியமையின் நிலக்கரியைப் படகிற் கொணர்தல் எளிதாயிற்று. இவ்வாறு மேட்டையும் பள்ளத்தையும் நீரையும் பார்த்து ஒருவர் எழுதிய கடிதத்தால், குன்றின் அடிவாரத்துப் புல்வெளியில் ஒரு புதிய ஊர் முளைத்தது. 1843-ஆம் ஆண்டு தொழிற்சாலை வேலை தொடங்கிற்று.

தொழிலாளர் குடியிருக்க ஏறத்தாழ முந்நூறு வீடுகள் சுண்ணக்கல்லால் கட்டப்பட்டன. அக்குடியிருப்பிற்கே இருப்புப்பாதைக் கிராமம் என்று பெயர். அதன் தெருக்களின் பெயர்களைக் கேளுங்கள்: பிரிஸ்டல் தெரு, பாத் தெரு, எக்சிட்டர் தெரு, டாண்டன் தெரு, ரெடிங் தெரு, ஆக்ஸ்போர்டு தெரு. யாவும் அப்பாதை சென்று சேரும் ஊர்களின் பெயர்களே. வீட்டு வாயிலில் நின்று தெருப்பெயரைப் படிக்கும் சிறுவன், தன் தந்தை செப்பஞ்செய்த எந்திரம் எவ்வெவ்வூர்க்குச் செல்கின்றதென்பதைத் தானே அறிந்துகொள்வான். பூகோள பாடம் அவனுக்குத் தெருவிலேயே கிடைத்தது.

எல்லாம் இனிதாகவே இருந்ததென்று எண்ணிவிடாதீர்கள். தொடக்க காலத்தில் வீடுகள் போதாமல் ஒரே கூரையின்கீழ்ப் பலர் நெருங்கி வாழ்ந்தனர். நீரும் கழிவுநீர் வழியும் சீராக இல்லை, நோய்கள் பரவின. இருப்பினும் அவ்வூரார் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாரிலர். 1847-இல் மருத்துவ நிதிச் சங்கம் ஒன்று தோன்றியது. ஒவ்வொரு தொழிலாளியும் தன் ஊதியத்திலிருந்து வாரந்தோறும் சிறு தொகை கொடுத்தான். அதனைக்கொண்டு மருத்துவரும் மருந்தும் அவன் குடும்பத்திற்குக் கிடைத்தன. நூறாண்டு கழித்து 1948-இல் பிரிட்டனில் தேசிய மருத்துவப் பணி ஏற்பட்டபொழுது, அதற்கு முன்மாதிரியாக நின்றவற்றுள் சுவிண்டன் தொழிலாளரின் இச்சங்கமும் ஒன்றெனப் போற்றப்பட்டது. பலர் கூடிச் சிறுகச் சேர்த்தது பெரும் பயன் தரும் என்பதனைச் சங்கமாகக் கூடியிருக்கும் நமக்கு யான் விரித்துரைத்தல் வேண்டுமோ?

உடலுக்கு மருந்து தேடியவர்கள் உள்ளத்திற்கும் தேடினார்கள். வேலை தொடங்கியவுடனே தொழிலாளர் சிலர் கூடிப் புத்தகங்களைச் சேர்த்து, ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்கிப் படிக்கலாயினர். அவ்விதை வளர்ந்து தொழிலாளர் கல்விக் கழகமாயிற்று. 1855-இல் கிராமத்தின் நடுவே அதற்கென ஒரு பெரிய மாளிகை திறக்கப்பட்டது. அதனுள் நூல்நிலையம் இருந்தது. படிக்கும் அறை இருந்தது. நாடகமும் இசையும் சொற்பொழிவும் நிகழ்தற்குரிய மன்றம் இருந்தது. பகலெல்லாம் கொதிக்கும் இரும்போடு போராடியவர்கள் மாலையில் முகங்கழுவி வந்து நாடகமாடினார்கள், பாடினார்கள், வாத்தியம் வாசித்தார்கள். அவர்தம் மனைவியரும் மக்களும் அவையில் அமர்ந்து கண்டு களித்தனர். ஊராரே கலைஞர், ஊராரே சுவைஞர். நம்மூர்த் திருவிழாக் கூத்தும் அவ்வாறு நடந்ததன்றோ?

இனி அவ்வூரின் திருவிழாக்கள் இரண்டினைக் கூறுவேன். முதலாவது, 'டிரிப்' என அவர்கள் அழைத்த ஆண்டுப் பயணம். 1849-இல் ஏறத்தாழ ஐந்நூறு பேர் ஆக்ஸ்போர்டு நகர்க்கு வண்டியேறிச் சென்றதில் அது தொடங்கியது. பின்னர் ஆண்டுதோறும் கோடையில் தொழிற்சாலையை மூடிவிட்டு, கட்டணமின்றி விடப்பட்ட வண்டிகளில் ஊரே கடற்கரைகளுக்குப் புறப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே விடியலில் புறப்பட, தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன. அவ்விடுமுறைக்கு நெடுங்காலம் ஊதியம் இல்லை என்பதனையும் மறத்தலாகாது. களிப்போடு சென்று, வெறுங்கையோடு திரும்பி, அடுத்த வாரத்தைக் கடனில் ஓட்டிய குடும்பங்கள் பல.

இரண்டாவது, குழந்தைகள் விழா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய இவ்விழா இரண்டாம் உலகப்போர் மூளும்வரை ஆகஸ்டு மாதந்தோறும் ஊர்ப் பூங்காவில் நிகழ்ந்தது. வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பெரியதொரு கேக்குத் துண்டும் தேநீரும் அளித்தனர். இராட்டினமும் இசையும் இருந்தன. கேக்கினைச் சேரவேண்டிய அளவில் வெட்டுதற்குத் தொழிற்சாலையாரே ஒரு பொறி செய்துகொண்டார்கள் என்பர். எஃகை அறுத்த கைகள் குழந்தைகளுக்குப் பலகாரம் அறுக்கப் பொறி செய்த அச்செய்தியை யான் படித்தபொழுது என் உள்ளம் நெகிழ்ந்தது.

நகைச்சுவையான செய்தியொன்றும் உண்டு. வேலைக்கு எழுப்புதற்காகத் தொழிற்சாலையில் நீராவிச் சங்கு ஊதப்பட்டது. அதன் ஒலி பல கல் தொலைவு கேட்கும். அயலூர் மாளிகையில் வாழ்ந்த பிரபு ஒருவர், தம் உறக்கம் கெடுகின்றதென்று அரசாங்கத்தாரிடம் முறையிட்டார். 1873-இல் அச்சங்கிற்குரிய உரிமம் நீக்கப்பட்டது. தொழிற்சாலையார் என் செய்தனர் தெரியுமோ? 'இச்சங்கினைத்தானே ஊதலாகாது என்றீர்?' என்பார்போலப் புதிய சங்கொன்றை நிறுவி ஊதத் தொடங்கினர்! அவ்வூரின் பொழுதுகளை அளந்து வந்த சங்கு, 1986-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26-ஆம் நாள் இறுதியாக ஒலித்தது. அன்றே தொழிற்சாலை மூடப்பட்டது.

அதுவரை நூற்று நாற்பத்துமூன்று ஆண்டுகள். 1920-களில் ஏறத்தாழப் பதினாலாயிரம் பேர் அங்கு உழைத்தனர். 1903-இல் சிட்டி ஆப் டுரூரோ என்னும் புகழ்பெற்ற எந்திரம் அங்கே பிறந்தது. பிரிட்டிஷ் ரெயில்வேக்காகச் செய்யப்பட்ட நீராவி எந்திரங்களுள் கடைசியானதாகிய ஈவினிங் ஸ்டார் 1960-இல் அங்கிருந்தே வெளிவந்தது. அவ்வளவு பெருமையும் ஒரு நாளில் ஓய்ந்தது. கல்விக் கழகத்து மாளிகையும் அவ்வாண்டே மூடப்பட்டுப் பல்லாண்டு பாழடைந்து கிடந்தது.

பெரியோர்களே! தொழில் போயினபின் ஊர்க்கு எஞ்சுவது யாது? இதுவே இன்று யான் உங்கள்முன் வைக்கும் கேள்வி. கட்டடம் எஞ்சும் என்பீராயின், பேணுவாரற்ற கட்டடம் இடியும். எந்திரம் எஞ்சும் என்பீராயின், அது துருப்பிடிக்கும். அன்றேல் எடைக்குப் போகும். சுவிண்டன் ஊரார் கண்ட விடை வேறு. தாம் வாழ்ந்த வாழ்க்கையைத் தாமே கலையாக்கிக்கொள்ளுதலே அவ்விடை.

கென் ஒயிட் என்பவர் அவ்வூரிற் பிறந்து, இளமையில் அத்தொழிற்சாலையிலேயே தறையாணி காய்ச்சும் வேலை செய்தவர். பின்னர் ஓவியரானார். 1970-களில் ஊர்ச் சுவர்களில் பேரோவியங்கள் தீட்டத் தொடங்கினார். கோல்டன் லயன் பாலம் என்ற பழைய கால்வாய்ப் பாலத்தையும், அதன் பக்கத்து மாந்தரையும், மறைந்துபோன காலத்தையும் ஒரு வீட்டின் பக்கச்சுவர் முழுவதும் எழுதிக் காட்டினார். வெயிலும் மழையும் வண்ணத்தை மங்கச் செய்தபொழுது மீண்டும் தீட்டினர். தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் 2000-ஆம் ஆண்டு 'ஸ்டீம்' என்னும் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. எந்திரங்களோடு, அவற்றைச் செய்த மாந்தரின் கதையும் அங்கே சொல்லப்படுகின்றது. போரோடு நின்றுபோன குழந்தைகள் விழாவினை ஊரார் பிற்காலத்தில் அதே பூங்காவில் மீட்டெடுத்தனர். பாழடைந்த கல்விக் கழகத்து மாளிகையைக் காக்கவும் அறநிலையம் அமைத்துப் பல்லாண்டு போராடினர்.

ஆயினும் என் உள்ளத்தைப் பற்றி இழுத்தவர் வேறொருவர். அவர் பெயர் ஆல்பிரட் வில்லியம்ஸ். சுவிண்டனை அடுத்த சௌத் மார்ஸ்டன் என்னும் கிராமத்தில் 1877-இல் பிறந்தார். வறுமையால் பள்ளிப்படிப்பை இளமையிலேயே விட்டார். வயலில் உழைத்தார், பின்னர்த் தொழிற்சாலையில் தறையாணி காய்ச்சும் பையனாகப் புகுந்தார். ஓவியர் ஒயிட் தொடங்கிய அதே வேலை! பின்பு நீராவிச் சம்மட்டி இயக்கினார். ஏறத்தாழ இருபத்துமூன்றாண்டுகள் நெருப்பின்முன் நின்றவர் அவர். விடியலில் எழுந்து இலத்தீனும் கிரேக்கமும் தாமே கற்றார். எழுத்துக்களை மறவாதிருக்க உலைமுகத்தில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்தார் என்பர். உடல் நலிந்து 1914-இல் வேலையை விட்டார். அடுத்த ஆண்டில் தொழிற்சாலை வாழ்க்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலில் புகழ்ச்சியுரை இல்லை. வெம்மையும் புகையும் காது செவிடுபடும் ஓசையும் அடிபட்ட கைகளும் மேற்பார்வையாளரின் கடுமையும் உள்ளவாறே எழுதப்பட்டன. விழாவெடுப்போர் இதனை நெஞ்சிற் கொள்ளுதல் வேண்டும். உழைத்தவனது வலியை விட்டுவிட்டு எந்திரத்திற்கு மட்டும் மாலை சூட்டுவது தேரை வணங்கி வடம் பிடித்தவனை மறப்பது போலாம்.

வேலையை விட்ட வில்லியம்ஸ் சும்மா இருந்தாரல்லர். மிதிவண்டியொன்றில் ஏறித் தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள ஊர்கள்தோறும் திரிந்தார். உழவரையும் ஆயரையும் முதியோரையும் கண்டு, அவர்கள் பாடிய பாடல்களை நூற்றுக்கணக்கில் எழுதிக்கொண்டார். 1923-இல் அவை நூலாயின. முதல் உலகப்போரிற் படைஞராக நம் நாட்டிற்கும் வந்தார். இமயமலைச் சாரலிலுள்ள இராணிகேத்தில் தங்கினார். ஊர் திரும்பியபின் தாமும் தம் மனைவியாருமாகப் பழங்கால்வாயின் செங்கற்களைச் சுமந்து தம் கையாலே கட்டிய வீட்டிற்கு இராணிகேத் என்றே பெயரிட்டார்! வடமொழியும் பயின்று, பஞ்சதந்திரக் கதைகளை ஆங்கிலமாக்கினார். நம் தாண்டவராய முதலியார் தமிழுக்குத் தந்த அதே பஞ்சதந்திரம்! அந்நூல் 1930-இல் வெளிவந்தது. வறுமையோடு வாழ்ந்த அவர் அவ்வாண்டே காலமானார். சில வாரங்களில் அவர் மனைவியாரும் மறைந்தார். இன்றோ அவர் எழுதிவைத்த பாடல்களை அந்நாட்டவர் தேடித்தேடிப் படிக்கின்றனர், பாடுகின்றனர்.

அவர் பணியிலும் ஒரு குறை உண்டு. பாடல்களின் சொற்களை எழுதிய அவர், மெட்டுக்களை எழுதவில்லை. ஆதலின் இன்று பாடுவோர் வேறிடங்களிலிருந்து மெட்டினைத் தேடிப் பொருத்திக்கொள்கின்றனர்.

இக்குறையைப் படித்தபொழுது யான் நூலை மூடிவிட்டேன். ஏனெனில் அப்பொழுதுதான் என் குற்றம் எனக்குப் புலனாயிற்று.

என் தந்தையார் மீட்டர் கேஜ் பாதையில் கேங்மேனாக இருந்தவர். தண்டவாளத்தை நகர்த்தவும் சிலீப்பர்க் கட்டையின்கீழ் ஜல்லியைக் கெட்டிப்படுத்தவும் பத்துப் பன்னிருவர் கடப்பாரையோடு ஒருசேர நிற்பர். எல்லார் பலமும் ஒரு கணத்தில் ஒன்றுபடுதல் வேண்டும். ஒருவன் முந்தினாலும் பிந்தினாலும் தண்டவாளம் அசையாது, காலும் நசுங்கும். ஆகவே ஒருவர் பாட்டெடுப்பர். ஏனையோர் பின்பாட்டுப் பாடி ஓரசைவாய் நெம்புவர். எங்கள் கூட்டத்திற் பாட்டெடுத்தவர் என் தந்தையார். பள்ளி விடுமுறையில் தூக்குச்சட்டியிற் சோறு கொண்டுசென்று, வேப்பமர நிழலிலிருந்து யான் அப்பாட்டினைக் கேட்டதுண்டு. 'உன்னைப் பெற்ற ஊர் எது? எந்தக் கடல் தாண்டி வந்தாய்?' என்று தண்டவாளத்தையே வினாவும் பாட்டு அது. இடையிடையே மேலதிகாரியைக் கேலிசெய்யும் அடிகள் வரும். கூட்டத்தில் எவன் வீட்டிலேனும் துயர் நேர்ந்திருப்பின், அன்று அவன் தாயின் பெயரும் பாட்டில் வரும்.

யான் புலவர் படிப்புப் படித்தேன். வகுப்பறையில் சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையை நடத்தினேன். அம்மானை வரியும் கந்துக வரியும் ஊசல் வரியும் வள்ளைப்பாட்டும் அதன்கண் உள்ளன. உலக்கை குற்றும் மகளிரின் பாட்டைக் காப்பியத்துள் ஏற்றிய இளங்கோவடிகளின் பெருமையை மாணாக்கர்க்கு மணிக்கணக்காக எடுத்தோதினேன். மாலையில் வீடு திரும்பினால், திண்ணையில் என் தந்தையார் தம் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். 'இலக்கணப் பிழை மலிந்த பாட்டு' என்று கடந்து செல்வேன். ஒரு நாள் அவரே, 'தம்பி, இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையேன்' என்றார். 'ஆகட்டும் அப்பா' என்றேன். எழுதவில்லை. பாதை அகலமாக்கப்பட்டது, சிறு நிலையம் மூடப்பட்டது, அவர் ஓய்வு பெற்றார், பின்னர் மறைந்தார். அவருடைய கைவிளக்கையும் பழைய சாமான்களோடு எடைக்குப் போட்டவன் யானே.

இன்று அப்பாட்டின் மெட்டு என் செவியில் நிற்கின்றது. சொற்கள் போயின. வில்லியம்ஸிடம் சொல் இருந்தது, மெட்டு இல்லை. என்னிடம் மெட்டு இருக்கின்றது, சொல் இல்லை. ஆயின் அவர் பல கல் தொலைவு அலைந்து அயலார் பாட்டினைத் தேடினார். யானோ என் வீட்டுத் திண்ணையிற் கிடந்ததனை இழந்தேன். இவ்வேறுபாட்டினை எண்ணி யான் நாணுகின்றேன்.

சகோதரர்களே! நம் நாட்டிலும் பொன்மலை உளது. நாகப்பட்டினத்திலிருந்த தொழிற்சாலை 1928-இல் அங்கே பெயர்ந்தது. அதனைச் சுற்றி ஒரு குடியிருப்பே எழுந்தது. அங்கும், சிறு நிலையங்கள்தோறும், நம்மவர் பலர் உழைத்தனர். அவர்களுட் சிலர் இன்றும் நம்மிடை உள்ளனர். இதோ முன்வரிசையிலும் அமர்ந்திருக்கின்றனர். ஆகவே என் வேண்டுகோள் மூன்று.

முதலாவது: உங்கள் வீட்டு முதியோர் அறிந்த தொழிற்பாட்டு எதுவாயினும், நடவுப்பாட்டாயினும் ஏற்றப்பாட்டாயினும் தண்டவாளப் பாட்டாயினும், சொல்லைத் திருத்தாது, கொச்சையை நீக்காது, கேட்டவாறே எழுதுங்கள். கைப்பேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். சொல்லும் மெட்டும் ஒருங்கே நிற்றல் வேண்டும். பாடினவர் பெயரையும் ஊரையும் நாளையும் உடன் குறியுங்கள்.

இரண்டாவது: பழைய விளக்கு, ஊதல், கொடி, சம்பளச்சீட்டு, நிழற்படம் எதனையும் எடைக்குப் போடாதீர்கள். எடைக்காரர் கொடுப்பது ஒரு வேளைக் காப்பிச் செலவிற்கும் போதாது என்பதனை அநுபவத்தாற் கூறுகின்றேன்.

மூன்றாவது: அடுத்த ஆண்டு விழாவில் இளைஞர்கள் அவற்றைக் கொண்டு ஒரு கூத்து நடத்துக. கும்மியும் கோலாட்டமும் நம் பெண்மக்கள் அறிவார்கள். கூத்துக் கட்டவல்லார் நம்மிடை உள்ளனர். வேடம் வாடகைக்குக் கொணர்தல் வேண்டா. தாத்தாவின் காக்கிச் சட்டையே வேடம். வீட்டுக் கடப்பாரையே கருவி. அக்கூத்தில் பெருமையும் வருக, வலியும் வருக. காலிழந்தவர் கதையும், இராக்காவலிற் பாம்பு கடித்து மாண்டவர் கதையும், வண்டியைக் காத்தவர் கதையும் ஒருங்கே வருக. சுவிண்டன் ஊரார்க்குப் பெருஞ்செல்வர் வந்து கலை கற்பிக்கவில்லை. அவர்கள் தம் ஊதியத்திற் கூடிச் சேர்த்த மன்றத்தில் தாமே ஆடினர். அது நம்மாலும் இயலும்.

இவ்விழாவிற்கு முன், காலையில், முன்வரிசையிலிருக்கும் பெரியவரொருவரைக் கண்டேன். என் தந்தையாரோடு ஒரே கூட்டத்தில் கடப்பாரை பிடித்தவர் அவர். யான் மெட்டினை முணுமுணுத்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் கண்ணை மூடியிருந்து, இரண்டு அடிகளைச் சொன்னார். மூன்றாம் அடி நினைவுக்கு வரவில்லை. 'நாளை வா, தம்பி. நினைவு வந்தாலும் வரும்' என்றார். நோட்டும் எழுதுகோலும் கொண்டு நாளைக் காலை அவர் வீட்டிற்குச் செல்கின்றேன். இம்முறை காலந் தாழ்த்துவதாக இல்லை.